ஆமணக்கு எது, காட்டாமணக்கு எது?



"ஆமணக்குக் கொட்டைதானே தின்னான், வயிறு சுத்தமாயிடும்" என்று ஒரு பாட்டி பேரனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பள்ளி விட்டு வந்த பையன்கள் மூன்று பேர், லயத்துக்குப் பின்னால் வேலியில் இருந்த காயை உடைத்துக் கொட்டையைத் தின்றிருக்கிறார்கள். கச்சான் மாதிரி ருசியாக இருந்ததாம். இரண்டு பேரைச் சாயங்காலமே என்னிடம் கொண்டு வந்தார்கள். பாட்டி வீட்டுப் பையன் வந்தது இரவு பத்து மணிக்கு. கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, நிற்கத் தெம்பில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டிரிப் ஏற்றித்தான் பிழைத்தான்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். பேர்தான் அவரை ஏமாற்றியது. அவர் அறிந்த ஆமணக்கு, விளக்கெண்ணெய் தரும் செடி. பையன் தின்றது காட்டாமணக்கு. பேச்சில் 'காட்டு' உதிர்ந்துபோகிறது. மலாய்க்காரர்களும் இரண்டையும் 'ஜாரக்' என்பார்கள். காட்டாமணக்குக்கு முழுப்பேர் 'ஜாரக் பாகார்', அதாவது வேலி ஜாரக்.

செடியைப் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆமணக்கு இலை விரித்த கை போல ஆழமாகப் பிளந்து, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். காயில் மெத்தென்ற முள் இருக்கும். கொட்டையில் புள்ளியும் கோடும் உண்டு. காட்டாமணக்கு இலையில் பிளவு ஆழமில்லை, ஓரத்தில் பல் இல்லை. காய் வழவழப்பு. கொட்டை கறுப்பு.

ஒன்று மருந்து, மற்றது விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆமணக்குக் கொட்டையும் கொடிய விஷமே! அந்த விஷம் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் கடை விளக்கெண்ணெயைக் குடிக்க முடிகிறது. காட்டாமணக்கிலோ எண்ணெயும் விஷம். மேலும், ஆமணக்குக் கொட்டையை மென்றவனுக்கு வாந்தியும் பேதியும் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். பிள்ளை ஓடியாடுறானே என்று சும்மா இருக்க வேண்டாம்.

குண்டுமணியும் இப்படித்தான். பெரிய மரத்திலிருந்து விழும் முழுச் சிவப்பு விதை ஆனைக்குண்டுமணி. வேலியில் படரும் கொடியில், சிவப்பில் கறுப்புக் கண் வைத்தது குண்டுமணி. மலாயில் இரண்டுக்கும் 'சாகா' என்ற பேர் உண்டு. கொடியின் இலையை இருமலுக்குக் காய்ச்சுவார்கள். அதன் விதையை ஒன்று மென்று விழுங்கினாலும் சிறுபிள்ளை உயிருக்கு ஆபத்து.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால், வாய்க்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுங்கள். எத்தனை தின்றான், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு உடனே புறப்படுங்கள். இலையோடு காயோடு ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பேரை மட்டும் சொன்னால், எந்த ஆமணக்கு என்று நான் திரும்பவும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.