நாடற்றவர் என்றால் யார்?

எந்த நாடும் தன் பிரசையாக ஏற்காதவரே நாடற்றவர். மியன்மாரின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ரொஹிங்கியா மக்களை அந்த நிலைக்குத் தள்ளியது. அவர்களில் இலட்சக்கணக்கானோர் இன்று பங்களாதேஷ் முகாம்களில் இருக்கிறார்கள்.

இது நமக்கும் தெரிந்த கதைதான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரில் பலர் நமது தலைமன்னார் இறங்குதுறையில்தான் கப்பல் ஏறினார்கள். இங்கு எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது.

இனி உங்கள் பிள்ளைகளைப் பார்ப்போம். பெற்றோர் இருவரும் இலங்கையரானால், 1987 யூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கே பிறந்ததனால் மட்டும் இந்தியக் குடியுரிமை கிடைக்காது. இலங்கைப் பிரசாவுரிமையும் தானாக வராது. வம்சாவழிப் பிரசையாகப் பதிய வேண்டும். முகாமில் பெற்ற பிறப்புச் சான்றிதழ் பிறப்புக்கு மட்டுமே அத்தாட்சி.

சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியாமல் வந்திருந்தால், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு முதலில் கிராம அலுவலரைச் சந்தியுங்கள். அடையாள அட்டை எடுக்கும் வயதுவரை காத்திருக்க வேண்டாம்.