கார் ஷெட் சீலிங் கழன்று விழாமல் இருக்க 13 குறிப்புகள்

தருமபுரியில் இப்போது எழும்பும் வீடுகளில் முன்பக்கம் கார் நிறுத்த ஒரு போர்டிகோ, அல்லது பக்கவாட்டில் ஷீட் போட்ட ஒரு ஷெட் கட்டாயம் இருக்கிறது. சித்திரை வெயிலின் காங்கை கீழே இறங்காமல் இருக்கவும், பார்வைக்கு எடுப்பாக இருக்கவும் அதற்கு ஜிப்சம் போர்டு சீலிங் அடிக்கிறார்கள். போர்டு எந்த கம்பெனி என்று நாலு கடை ஏறி விசாரிப்பவர்கள், அதைத் தாங்கப்போகும் ஆங்கரையும் சேனலையும் கேட்பதில்லை. சீலிங் பெரும்பாலும் விழுவது மேலே பிடி விட்டுப்போவதால்தான். வேலையைச் சீலிங் ஆட்களிடம் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இவற்றைக் கவனியுங்கள்.

1. திறந்த இடமா, அடைத்த இடமா என்று முதலில் பாருங்கள். மூன்று பக்கமும் திறந்து சாரல் அடிக்கும் போர்டிகோவுக்கு ஜிப்சம் போர்டு ஒத்துவராது. உள்ளே ஜிப்சம், வெளியே காகிதம். நனைந்தால் ஊறி, தொய்ந்துவிடும். பச்சை நிற போர்டு ஈரக்காற்றைத் தாங்கும், மழையைத் தாங்காது. அங்கே ஃபைபர் சிமென்ட் போர்டோ பிவிசி பேனலோ போடுங்கள். ஷட்டர் போட்டு மூடும் ஷெட்டுக்கு ஜிப்சம் தாராளமாகப் போதும்.

2. சீலிங் வேலைக்கு முன் மேல்தளத்தைச் சோதியுங்கள். மொட்டை மாடியில் சுற்றிலும் களிமண் வரப்பு கட்டி, இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி, அடியில் கசிகிறதா என்று பாருங்கள். சீலிங் அடித்தபின் கசிந்தால் தண்ணீர் போர்டின் மேல் தேங்கும். தொய்வு விழும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்த தை, மாசி இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

3. எவ்வளவு கனம் தொங்கப்போகிறது என்று கணக்குப் போடுங்கள். 12.5 மி.மீ. கனமுள்ள 6க்கு 4 அடி போர்டு ஒன்று ஏறக்குறைய 19 கிலோ. 10க்கு 20 அடி ஷெட்டுக்கு 9 போர்டு வாங்க வேண்டியிருக்கும். வெட்டிப் பொருத்தியபின் போர்டு மட்டுமே சுமார் 160 கிலோ தொங்கும். சேனலும் பூச்சும் தனி. இதைச் சொன்னாலே ஆங்கரில் காசு மிச்சம் பிடிக்க மனசு வராது. போர்டில் ஐ.எஸ். 2095 முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

4. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அமெரிக்க கராஜ்களில் மேலே மரச்சட்டங்கள் 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் ஓடும். போர்டை நேராக அதில் முடுக்கிவிடுவார்கள். நம் ஊரில் மேலே இருப்பது கான்கிரீட். இரும்புச் சட்டகம் தொங்கவிட்டுத்தான் போர்டு அடிக்க வேண்டும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஷெட்டுக்கு மேல் குடியிருக்கும் அறை இருந்தால் 15.9 மி.மீ. கனமுள்ள, தீயைக் கூடுதலாகத் தாங்கும் ‘டைப் எக்ஸ்’ போர்டு வேண்டும் என்பது அவர்களின் மாதிரி வீட்டுக் கட்டட விதி. பேட்டரி வண்டியை ஷெட்டிலேயே சார்ஜ் போடுபவர்கள் இதை யோசிக்கலாம்.

5. ஆங்கர் கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும், பூச்சை அல்ல. தளத்தின் அடியில் அரை அங்குலம் சிமென்ட் பூச்சு இருக்கும். டிரில் அதைத் தாண்டும்போது சத்தமும் மாறும், கொட்டும் தூளின் நிறமும் மாறும். அதற்குப் பிறகு ஒன்றரை அங்குலமாவது உள்ளே போகட்டும். துளையில் இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு ஆங்கரை இறக்குங்கள். தூசி இருந்தால் பிடிக்காது. தொங்கும் இடங்களில் இரும்பு ஆங்கர் மட்டும் போடுங்கள். மரக்கட்டை அடித்து ஸ்க்ரூ போடுவது பழைய வழக்கம். கட்டை காய்ந்து சுருங்கினால் பிடி விட்டுப்போகும்.

6. துளைபோடும் முன் தளத்துக்குள் ஒயர் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு, சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிரில் கம்பியில் முட்டினால் மல்லுக்கட்ட வேண்டாம்; இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.

7. சட்டகத்தின் இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். டியூப் லெவலில் மட்டம் குறித்து, சுவரைச் சுற்றிப் பெரிமீட்டர் சேனலை 2 அடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் அடிக்க வேண்டும். இன்டர்மீடியேட் சேனல் 4 அடிக்கு ஒன்று. அதைத் தாங்கும் எல் ஆங்கிளும் 4 அடிக்கு ஒன்று. அதன் கீழே குறுக்கே வரும் சீலிங் செக்ஷன் ஒன்றரை அடிக்கு ஒன்று. இரண்டு அடியாக அகட்டிவிட்டால் சில சேனல் மிச்சமாகும். போர்டு நடுவில் தொய்யும். ஆங்கிளை நட்டு போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். கட்டுக்கம்பி கட்டித் தொங்கவிட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

8. ஷீட் போட்ட ஷெட் என்றால் சட்டகத்தை ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பர்லினில் மாட்டுங்கள். ஷீட்டில் ஒரு ஸ்க்ரூகூட வேண்டாம். தகரம் மதியம் விரியும், ராத்திரி சுருங்கும். மார்கழி விடியலில் அதன் அடியில் பனித்தண்ணீர் முத்து முத்தாகச் சொட்டும். ஆகவே இடையில் ஃபாயில் இன்சுலேஷன் விரித்து, நாலு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஒகேனக்கல் பக்கம் குரங்குகள் ஷீட் மேல் குதித்து ஓடும் இடங்களில் நட்டு தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் சேர்த்துப் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

9. போர்டின் நீளப் பக்கம் சீலிங் செக்ஷனுக்குக் குறுக்கே வரவேண்டும். அடுத்தடுத்த வரிசையின் இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல், செங்கல் கட்டு மாதிரி மாறி மாறி வரட்டும். ஒருவர் தலையால் முட்டுக்கொடுத்து இன்னொருவர் முடுக்குவது ஆபத்து. கூரை உயரத்துக்கு ‘டி’ வடிவில் மரமுட்டு ஒன்று செய்து தாங்கிக்கொண்டால் போர்டு விரிசல் விடாது.

10. ஸ்க்ரூவின் தலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். அது காகிதத்தை லேசாக அமுக்கி ஒரு சின்னக் குழி விட்டிருக்க வேண்டும். காகிதம் கிழிந்து வெள்ளைத் தூள் தெரிந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் தாங்கவில்லை. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடச் சொல்லுங்கள். இரும்புச் சேனலுக்கு 25 மி.மீ. நெருக்கப் புரி ஸ்க்ரூ. அகலப் புரி மரத்துக்கானது. 9 அங்குலத்துக்கு ஒன்று, ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று. போர்டு விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கிக்கொண்டே வந்தால் போர்டு உப்பாது. ஈரம் படும் இடத்தில் கருப்பு ஸ்க்ரூ துருப்பிடித்து, பெயின்ட்டில் பழுப்புப் புள்ளி விழும். ஜிங்க் பூசியதைக் கேளுங்கள்.

11. இணைப்புகளை வெறும் பட்டி வைத்து மூடினால் சீக்கிரம் கோடு விழும். முதலில் ஜாயின்டிங் காம்பவுண்ட், அதன்மேல் பேப்பர் டேப், அதன்மேல் மறுபடி காம்பவுண்ட். ஒவ்வொரு கோட்டும் காய்ந்தபின்தான் அடுத்தது.

12. போர்டில் எதையும் தொங்கவிடாதீர்கள். சின்ன எல்.இ.டி. விளக்கு பரவாயில்லை. மின்விசிறி, ஊஞ்சல், சைக்கிள் மாட்டும் கொக்கி எல்லாம் தளத்துக் கான்கிரீட்டிலிருந்து தனியாக இறங்க வேண்டும். அந்த இடங்களைச் சட்டகம் போடும் முன்பே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

13. ஒரு மூலையில் 2க்கு 2 அடி திறப்பு ஒன்று கட்டாயம் விடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை மழைக் காற்று ஓய்ந்தபின், ஏணி போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: போல்ட் தளர்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, அணிலோ எலியோ கூடு கட்டியிருக்கிறதா? கீழிருந்து பார்க்கும்போது பழுப்புக் கறை, இணைப்பில் புதுக் கோடு, நடுவில் தொய்வு ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் வண்டியை வெளியே எடுங்கள். பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.