மார்பகக் கட்டி யாவும் புற்றோ?

மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். அம்மண்ணில் வாழும் நாம் மார்பகக் கட்டியைப்பற்றி வாய்திறக்க இன்றும் நாணுகின்றோம். கட்டி கண்ட ஒருத்தி, புற்றாயிருக்குமோவென அஞ்சி மறைக்கின்றாள். மற்றொருத்தி, நோவில்லையாதலின் தீங்கில்லையென்று வாளாவிருக்கின்றாள். இருவர் எண்ணமும் பிழையே.

மார்பகத்தில் தோன்றும் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. இளம்பெண்களிடத்து உருண்டு திரண்டு, தொட்டால் வழுக்கி நகர்வது நார்ச்சுரப்பிக் கட்டி. நடுவயதினரிடத்து நீர் நிறைந்த பைபோலத் தோன்றுவது நீர்க்கட்டி. மாதவிலக்கை ஒட்டி மார்பு கனத்து நோதலும் உண்டு. இவை புற்றின் இளம்பருவம் அல்ல. புற்றுக்கட்டியோ தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை.

அவ்வாறாயின் இரண்டிற்கும் உறவே இல்லையோ? உண்டு. அது கட்டியின் பருமனிலன்று, கலங்களின் ஒழுங்கிலே தங்கியுள்ளது. அமெரிக்காவில் டூப்போன், பேஜ் என்னும் ஆய்வாளர், தீங்கற்ற கட்டிக்காக இழையம் எடுத்துச் சோதிக்கப்பெற்ற 3,303 பெண்களின் பிற்கால நிலையை ஆராய்ந்து 1985 இல் வெளியிட்டனர். இத்தகைய சோதனைக்குள்ளாவோரில் நூற்றுக்கு 70 பேருக்குப் புற்றின் அபாயம் மிகுவதில்லை என்பது அவர்கள் முடிபு. கலங்கள் பெருகியும் ஒழுங்கு பிறழாதோர்க்கு, பெருக்கமில்லாதோரினும் 1.9 மடங்கு அபாயம் இருந்தது. பெருக்கத்தோடு ஒழுங்கும் பிறழ்ந்தோர்க்கு 5.3 மடங்கு. இக்கடைசி வகையினருள்ளும் பெரும்பாலார் புற்றெய்துவதில்லை; எய்துவோர்க்கும் அது மற்றை மார்பகத்திலே தோன்றுதல் கூடும். ஆதலின் அம்மாற்றம் எச்சரிக்கையே, தீர்ப்பன்று.

இவ்வேறுபாட்டைக் கைதொட்டு அறிதல் இயலாது. படமெடுத்தும், வேண்டியவிடத்து ஊசியால் இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியுமே அறியலாம். எனவே "தீங்கற்றது" என்ற சொல்லோடு அமையாது, எவ்வகையினது என வைத்தியரிடம் வினவி, அறிக்கையைப் பேணிவைத்தல் வேண்டும். பின்னர் வேறொரு கட்டி தோன்றின், முன்னையது போன்றதே எனக் கருதிவிடாது மீண்டும் காட்டுதல் வேண்டும்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று இதுவே. முப்பத்தைந்து வயதெய்திய பெண்களுக்கென அரசின் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996 முதல் இயங்கிவருகின்றன. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடைபயணஞ் செய்து திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் தெல்லிப்பழையிலே திறக்கப்பட்டது. உதவி அண்மையில் உள்ளது. அதனை நாடவொட்டாது தடுப்பது நாணமே. கல்லூரித் தாயின் மைந்தராகிய நாம், எம் இல்லத்துப் பெண்கள் இதனைத் தயங்காது சொல்லவும், சொன்னவுடன் அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் முற்படுவோமாக.