பிழைக்காத மாட்டுக்குச் சட்டம் சொல்லும் வழி

லாரியில் அடிபட்டு இடுப்பெலும்பு நொறுங்கிய மாட்டின் வேதனையைத் தீர்க்கச் சிலர் விஷம் வைத்துவிடுகின்றனர். இரக்கத்தால் செய்தாலும் இது கொடுமையே. தேவையின்றிக் கொடூரமான முறையில் கொல்வது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பிழைக்காது என அவர் கண்டால், உடையவர் சம்மதம் பெற்று, ஊசி மருந்தால் வேதனையின்றி உயிரை அடக்குவார். உடையவர் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, 13-வது பிரிவுப்படி, கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி மருத்துவரை வரவழைக்கலாம். மருத்துவரின் சான்றும் மாஜிஸ்திரேட் உத்தரவும் கிடைத்த பிறகே கொல்லலாம்.

இன்ஷூரன்ஸ் செய்த மாடானால் கம்பெனிக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்து, மருத்துவரின் சான்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. சான்றில்லாமல் இழப்பீடு கேட்பது வீண் அலைச்சல்.

ஊசி போட்ட மாட்டை இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது. மருந்து உடலில் தங்குவதால் தின்னும் நாயும் பிணந்தின்னிக் கழுகும் மடியும். கிணற்றுக்குத் தொலைவில் ஆழக் குழி வெட்டிப் புதைக்கவும்.