அனுப்பினால் போதாது, திருப்பிக் கேளுங்கள்

செராஸ் தாமான் கோனாட்டில் யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகம், சற்றுத் தள்ளி சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம். இரண்டிலும் மின்னணுப் பொறியியல் படித்து வெளிவரும் நம் பிள்ளைகள், வேலை தேடும்போது அளவுத்திருத்தக் கூடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கருவியின் பொத்தானை அழுத்துவதைவிடக் கணினியிலிருந்து அதை இயக்குவதே பெரிய வேலை. பல்ஸ் ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்வோம்.

பல்ஸ் அகலம் 150 மைக்ரோ விநாடி என்று கட்டளை அனுப்புகிறீர்கள். கருவி வாயே திறக்காது. ஆனால் சுழற்சிக் காலம் ஏற்கெனவே 100 மைக்ரோ விநாடியாக இருந்தால், அந்த பல்ஸ் அதற்குள் எப்படி அடங்கும்? சில கருவிகள் மறுத்துவிட்டுப் பழைய அகலத்திலேயே ஓடும். சில தாமாகவே குறைத்துக்கொள்ளும். உங்கள் நிரலோ தடங்கலின்றி முடிந்துவிடும். அறிக்கையில் தப்பான எண் ஏறும்.

அதனால் அமைத்த ஒவ்வொன்றையும் திருப்பிக் கேளுங்கள். 1990-ல் வந்த, கருவிகளுக்குக் கட்டளையிடும் ஸ்கிப்பி என்ற பொதுமொழியில் இது எளிது: கட்டளைப் பெயரின் பின்னால் கேள்விக்குறி போட்டால் இப்போதைய மதிப்பு வரும். லோடு அமைப்பை, அதாவது வெளியே இணையும் மின்தடை எவ்வளவு என்று கருவி எடுத்துக்கொள்கிறது என்பதை, மறக்காமல் கேளுங்கள். 50 ஓம் என்று அமைத்துவிட்டு உயர் மின்தடையுள்ள அலைக்காட்டியில் இணைத்தால், 5 வோல்ட் கேட்ட இடத்தில் ஏறத்தாழ 10 வோல்ட் நிற்கும். சோதனையில் இருக்கும் சிப் கருகிப்போக அதுவே போதும்.

பிழைகள் கருவிக்குள் வரிசையில் நிற்கும். 'சிஸ்டம் எரர்?' என்று ஒருமுறை கேட்டால் மிகப் பழைய ஒன்று மட்டுமே வெளிவரும். 0 வரும்வரை விடாமல் கேளுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் காலையில் நடந்த பிழைக்கு மாலையில் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். -113 என்றால் கட்டளை கருவிக்குப் புரியவில்லை. -222 எல்லை மீறிய மதிப்பு. -221 அமைப்புகளின் மோதல். -350 என்றால் வரிசை நிரம்பி, பின்னால் வந்த பிழைகள் தொலைந்தே போயின.

புதியவர்களைப் பாடாய்ப் படுத்துவது டைம்அவுட். கேள்வியில் ஓர் எழுத்து தவறினாலும் கருவி பதில் தராது. கணினி காத்துக் காத்து ஓய்ந்துவிடும். உடனே கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள். கேபிளைத் தொடுமுன் பிழை வரிசையைப் படியுங்கள். -113-உம் அதன் பின்னால், முழுமையான கேள்வி வராமலே பதில் கேட்கப்பட்டதைச் சொல்லும் -420-உம் இருந்தால் குற்றம் உங்கள் வரியில்தான். '*சிஎல்எஸ்' கட்டளையை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அது பிழை வரிசையையே துடைத்துவிடும். சோதனையின் தொடக்கத்தில் மட்டும் அதற்கு வேலை.

இந்தப் பழக்கத்துக்குத் தொழிலில் மதிப்பு உண்டு. மலேசியாவின் ஆய்வக அங்கீகாரத் திட்டமான சாமின் அங்கீகாரம் பெறும் கூடங்கள் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின்படி தணிக்கை செய்யப்படுகின்றன. 2017 பதிப்பின்படி, அளவீடு எடுத்த அப்போதே பதிவாக வேண்டும். எடுத்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும். கருவி தந்த பதில்களை நேரத்தோடு கோப்பில் சேமிக்கும் நிரல் அந்தத் தேவைக்கு நேரடி விடை.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது பைத்தானில் எழுதிய சிறு நிரல் ஒன்றைக் கொண்டுபோங்கள். முதல் வரியில் '*ஐடிஎன்?' கேட்டு மாடலையும் வரிசை எண்ணையும் பதிய வேண்டும். பிறகு அமைத்து, திருப்பிக் கேட்டு, பிழை வரிசையைக் காலிசெய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.