கார் இன்ஜின் துடைக்கப் பெட்ரோல் வேண்டாம், சோப்புத் தண்ணி போதும்



கண்டுணர்வுப் பயணமாக நாங்கள் சென்னை கோட்டூர்புரம் போயிருந்தபோது, அடுக்குமாடி வீடுகளில் கார் துடைக்கும் அக்காமார்கள் சிலரிடம் பேசினோம். வெளியே துடைப்பதற்கு ஒரு கூலி. பானட்டைத் திறந்து இன்ஜினையும் துடைத்தால் கூடுதல் கூலி. அங்கே ஒரு அக்கா டம்ளரில் பெட்ரோலும் பழைய பனியனும் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மெக்கானிக் இப்படித்தானே பண்றாரு?" என்றார். மெக்கானிக் கழுவுவது இரும்பு. அக்கா துடைத்ததோ பிளாஸ்டிக்.

நம் ஊரிலும் லோடு வண்டி, வாடகைக் கார் வைத்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. அதனால்தான் இந்தப் பாடம்.

இன்ஜின் மேல்மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி, கூலண்ட் டப்பா, ஃபியூஸ் பெட்டி, வயர்களை இணைக்கும் கப்ளர் இதெல்லாம் இப்போது பிளாஸ்டிக்தான். பெட்ரோலோ தின்னரோ பட்டால் சில வகை பிளாஸ்டிக் உப்பும், வெளுக்கும், மயிரிழைபோல் விரிசல் விடும். ரப்பர் குழாயும் கெடும். அன்றைக்கே தெரியாது. கொஞ்ச நாள் கழித்துக் கப்ளர் உடையும்போது, "கடைசியா யார் துடைச்சது?" என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். தூரத்தில் எரியும் பீடியோ அடுப்போ போதும், பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பற்றாதே என்பீர்கள். சூடான இன்ஜினில் அதுவும் ஆபத்துதான். எண்ணெய்ப் படலம் நின்று தூசியும் ஒட்டும்.

அப்படியானால் எப்படிச் செய்வது? முதலில் இன்ஜின் ஆறட்டும். கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. கொதிக்கும் பிளாஸ்டிக்கில் பச்சைத் தண்ணி பட்டால் விரிசல் விடும். சாவி வண்டியில் இருக்க வேண்டாம். பேட்டரியின் மைனஸ் வயரை வண்டிக்காரரே கழற்றித் தரட்டும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர் தெரிந்தால் அது பேட்டரியில் ஓடும் வண்டி, உயிரைப் பறிக்கும் மின்சாரம். பானட்டை மூடிவிட்டு, "இதை நாங்க தொடமாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். கூலி போனால் போகட்டும்.

ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய் மூன்றையும் பாலிதீன் பையால் மூடுங்கள். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணியில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு ஸ்பூன். துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணியில் பிழிந்த துணி, கடைசியில் காய்ந்த துணி. ஓஸ் பைப்பால் அடிக்கவே கூடாது. பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவதும் வேண்டாம், மறுநாளே புழுதி அப்பிக்கொள்ளும்.

எந்த மூடியையும் திறக்காதீர்கள். கூலண்ட் விஷம், ஆனால் இனிக்கும். கீழே சிந்தினால் நாயும் ஆடும் நக்கிவிடும், குழந்தைகளும் கை வைக்கும். உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தரையைத் தண்ணி விட்டுக் கழுவுங்கள்.

வெள்ளம் புகுந்த வண்டி என்றால் வேறு கதை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம் மூழ்கியபோது எத்தனையோ கார்கள் தண்ணிக்குள் நின்றன. அப்படி நின்ற வண்டியில் ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணி இருந்தால் உள்ளே இருக்கும் கம்பியே வளைந்துவிடும். அது மெக்கானிக் வேலை, நம் வேலை இல்லை.

வேலை முடிந்ததும் பாலிதீன் பைகளை எடுங்கள். பிறகு துணிகளை எண்ணுங்கள். இன்ஜின் மேல் மறந்த ஒரு துணி சூட்டில் பற்றிக்கொள்ளும். எத்தனை கொண்டுபோனீர்களோ அத்தனையும் கைக்கு வந்த பிறகுதான் பானட்டை மூட வேண்டும்.