தம்மிக்க பாணியும் உம்மம்மாவின் ஊசியும்

உப்புக்குளம்

அன்பு மகனுக்கு,

சீனி வருத்தத்தை ஒரே மாதத்தில் இல்லாமலாக்கும் மூலிகைத் தூள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பி, உம்மம்மாவின் இன்சுலின் ஊசியை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தாய். நிறுத்தக் கூடாது.

2020 டிசம்பரில் நீ சின்னப் பிள்ளை. கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். காளி தந்த மருந்து என்றார். கூட்டம் கூடக் கூடாத அந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்காக முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே அதை எல்லோரும் பார்க்கக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்குக் கொரோனா தொற்றியது. சனங்களுக்கு வழிகாட்ட வேண்டிய இடத்தில் இருந்தவர் அப்படிச் செய்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அமைச்சருக்குத் தொற்றியதை மட்டும் வைத்துப் பாணி பொய் என்று நீ சொன்னால், "நான் குடித்தேன், எனக்கு வரவில்லை" என்பவரையும் நம்ப வேண்டி வரும். ஓரிருவர் கதை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகாது. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பாணியும் குடிக்காமலே சுகமானார்கள். ஆகவே, எந்த மருந்தானாலும், ஒரே மாதிரியான நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்களா, வித்தியாசம் தெரிந்ததா என்று கேள்.

மூலிகையை நான் இளக்காரம் செய்யவில்லை. நம் மன்னாரையும் வாட்டிய மலேரியாவுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவின் து யூயூ பழைய வைத்திய நூலில் குறிப்பைக் கண்டெடுத்தார். சூடாக்கினால் சத்து கெடுகிறது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். எலியிலும் குரங்கிலும் சோதித்து, பிறகு தானே உட்கொண்டு பார்த்து, அதன்பின்தான் நோயாளருக்குக் கொடுத்தார். 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தூளுக்கு இப்படி என்ன சோதனை நடந்தது? அனுப்பியவரிடம் கேட்டுப் பார். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல நாடுகளில் இப்படியான தூள்களைப் பரிசோதித்தபோது, சீனியைக் குறைக்கும் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்தது தெரியவந்தது. ஊசியோடு அதுவும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி ஆள் மயங்கிவிடும். ஊசியை விட்டால் சீனி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏற்கனவே தூளை வாங்கியிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உம்மம்மாவை மன்னார் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போ. டொக்டர் சொல்லாமல் ஒரு வேளை ஊசியையும் விடவேண்டாம் மகன்.

அன்புடன்,
சாச்சா